கல்யாண அல்பத்தில் இருப்பது உங்கள் மகளா?

கல்யாணம் முடிந்து ஒரு மாதமாகிறது. ஸ்டூடியோவிலிருந்து அல்பம் வந்து சேர்கிறது. மாவடிப்பள்ளியில் உங்கள் வீட்டு முன் விறாந்தையில் பாய் விரித்து எல்லோரும் சுற்றி உட்கார்ந்து கொள்கிறீர்கள். முதல் பக்கத்தைப் புரட்டியதும் உம்மம்மா மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கேட்கிறார்:

"இது ஆர்ர புள்ள?"

எல்லோரும் சிரித்து விடுகிறீர்கள். ஆனால் சிரிப்பு அடங்கிய பிறகு நீங்களும் ஒரு முறை உற்றுப் பார்க்கிறீர்கள். மகளின் கன்னத்திலிருந்த மச்சத்தைக் காணோம். மூக்கு மெலிந்திருக்கிறது. பிறந்த நாளிலிருந்து நீங்கள் பார்த்துப் பழகிய அந்த மாநிறம் எங்கோ போய், சுண்ணாம்பு பூசிய சுவர் போல ஒரு வெண்மை வந்திருக்கிறது. உம்மம்மாவின் கேள்வி பகிடியல்ல என்பது அப்போதுதான் புரிகிறது.

படப்பிடிப்பாளர் மீது கோபப்படாதீர்கள் சகோதரியே! கல்யாணத்தன்று, "கொஞ்சம் வெள்ளையா வாற மாதிரி எடுங்க தம்பி" என்று சொன்னது நம்மில் ஒருவர்தான் அல்லவா? கேட்டதை அவர் தந்திருக்கிறார். ஆனால் இப்போது ஒரு கேள்வி எழுகிறது. மகளின் உண்மையான முகம் எங்கேனும் மிஞ்சியிருக்கிறதா? அதைத் திரும்பப் பெற முடியுமா?

முடியும். அந்தக் கமரா பதிந்த மூலக்கோப்பு அழிக்கப்படாமல் இருந்தால் முடியும். அந்த மூலக்கோப்பைத்தான் படப்பிடிப்பாளர்கள் றோ என்று சொல்கிறார்கள். அது என்ன, அதை எப்படித் திருத்துவது, அதை ஏன் நாம் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்த வேண்டும் என்பதை ஒரு குடும்பப் பெண் அறிந்து வைத்திருப்பது மிக அவசியம்.

நெல்லும் சோறும்

சுற்றிலும் வயல் சூழ்ந்த ஊரில் இருப்பவர்களுக்கு நெல்லைப் பற்றிச் சொல்லித் தர வேண்டியதில்லை. நெல்லைக் குத்தினால் அரிசி. அரிசியைச் சமைத்தால் சோறு. அதே அரிசியைக் கொண்டு கஞ்சியும் காய்ச்சலாம், பிரியாணியும் ஆக்கலாம், மாவிடித்துப் புட்டும் அவிக்கலாம். ஆனால் சோறாகிவிட்டதை மீண்டும் அரிசியாக்க முடியுமா?

றோ கோப்பு என்பது நெல்லைப் போன்றது. நாம் தொலைபேசியில் அனுப்பிப் பெறும் சாதாரணப் படம், அதாவது ஜேபெக் என்ற வகை, சோற்றைப் போன்றது. சாதாரணப் படம் எடுக்கும்போது கமராவே சமையற்காரனாகி விடுகிறது. எவ்வளவு வெளிச்சம், எந்த நிறம், எவ்வளவு கூர்மை என்று அதுவே நொடியில் தீர்மானித்துச் சமைத்து, மிச்சத்தை வீசி விடுகிறது. வீசியது வீசியதுதான். றோ முறையில் எடுத்தால் கமரா எதையும் சமைப்பதில்லை. கண்ணில் விழுந்த ஒளியை அளந்து, அந்த அளவுகளை அப்படியே எழுதி வைக்கிறது. சமைக்கும் வேலை பிறகு, கணனியின் முன்னே, ஆற அமர நடக்கிறது.

கெனன் கமராவில் இந்தக் கோப்பு சீஆர்2 அல்லது சீஆர்3 என்றும், நிக்கோனில் என்ஈஎப் என்றும், சொனியில் ஏஆர்டபிள்யூ என்றும் முடியும். அடோபி நிறுவனம் 2004 இல் டிஎன்ஜி என்ற பொது வகையை வெளியிட்டது. பெயர்கள் வேறானாலும் உள்ளே இருப்பது ஒன்றுதான்.

கமராவுக்குள் நடப்பது என்ன?

நாம் ஒரு பொருளைப் பார்ப்பது எப்படி? கண்ணிலிருந்து ஒரு கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுகிறது என்று பண்டைய கிரேக்கர் பலர் எண்ணினார்கள். அப்படியல்ல, பொருளிலிருந்து வரும் ஒளியே கண்ணில் விழுகிறது என்று விரிவான சோதனைகளுடன் எழுதியவர் பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த அறிஞர் இப்னு ஹைதம். பதினொராம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுதிய 'கிதாபுல் மனாழிர்' என்ற நூலில், இருட்டறையின் சிறு துவாரம் வழியே விளக்குகளின் ஒளி நுழைந்து சுவரில் விழுவதை அவர் ஆராய்ந்தார். இன்றைய கமராவும் ஓர் இருட்டறைதான். சுவருக்குப் பதிலாக சென்சர் என்ற சிறிய சில்லு இருக்கிறது.

அந்தச் சில்லில் கோடிக்கணக்கான நுண்ணிய குழிகள் உண்டு. இவற்றுக்கு நிறம் தெரியாது, வெளிச்சம் மட்டுமே தெரியும். ஆகவே ஒவ்வொரு குழியின் மேலும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றில் ஒரு நிறக் கண்ணாடி போடப்பட்டிருக்கிறது. கொடக் நிறுவனத்தில் பணியாற்றிய பிரைஸ் பேயர் என்பவர் வகுத்த இந்த ஒழுங்குக்கு 1976 இல் காப்புரிமை வழங்கப்பட்டது. இதில் பாதிக் குழிகளுக்குப் பச்சை, காற்பங்குக்குச் சிவப்பு, காற்பங்குக்கு நீலம். பக்கத்துக் குழிகளைப் பார்த்து, விடுபட்ட நிறங்களைக் கணக்கிட்டு நிரப்பினால்தான் படம் பிறக்கும்.

சாதாரணப் படத்தில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகளே உண்டு. 14 பிட் றோ கோப்பிலோ 16,384 படிகள்! இருட்டு மூலையில் நின்ற வாப்பாவின் முகத்தைப் பிற்பாடு வெளிச்சமாக்க முடிவது இந்தப் படிகள் இருப்பதால்தான். சாதாரணப் படத்தில் அதே வேலையைச் செய்து பாருங்கள். முகம் திட்டுத்திட்டாக, சேறு பூசியது போல வந்து நிற்கும்.

வீட்டிலிருந்தே திருத்தலாம்

இதற்கு மென்பொருள் வேண்டும். லைட்ரூம், போட்டோஷொப் ஆகியவற்றுக்குப் பணம் கட்ட வேண்டும். டார்க்டேபிள், றோதெரப்பி என்ற இரண்டும் இலவசம். கணனி இல்லாதவர்கள் கைத்தொலைபேசியில் ஸ்னாப்சீட் என்ற செயலியில் டிஎன்ஜி கோப்புகளைத் திறக்கலாம். சற்று விலை கூடிய பல தொலைபேசிகளில் புரோ என்ற பகுதிக்குப் போனால் றோ முறையில் படம் எடுக்கவும் வசதி இருக்கிறது.

முதலில் மனதில் பதிக்க வேண்டியது இதுதான். இந்த மென்பொருள்கள் மூலக்கோப்பைத் தொடுவதில்லை. 'வெளிச்சத்தை இவ்வளவு கூட்டு, நிறத்தை இப்படி மாற்று' என்று நீங்கள் சொல்வதை ஒரு தனிக் குறிப்பாக எழுதி வைக்கின்றன. பிழைத்துவிட்டால் குறிப்பை அழித்து மீண்டும் தொடங்கலாம். ஆகவே பயப்படாமல் பழகுங்கள். வரிசை இதோ:

முதலாவது, வெள்ளைச் சமநிலை. மென்பொருளில் வைட் பாலன்ஸ் என்று இருக்கும். மெழுகுதிரியின் ஒளி செம்மஞ்சள், பழைய மின்குமிழின் ஒளி மஞ்சள், மர நிழலின் ஒளி நீலம். நம் கண் இதைத் தானாகவே சரிசெய்து கொள்ளும், கமராவுக்கு அந்தத் திறமை போதாது. நம் வீடுகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. முற்றத்தில் நீலத் தறப்பாள் கட்டிப் பந்தல் போட்டிருந்தால் அதன் கீழே நிற்கும் அத்தனை பேர் முகத்திலும் நீலம் படியும். வயலோரத்தில் எடுத்தால் கன்னத்தின் கீழே பச்சை படியும். இதற்கு மருந்து, படத்தில் உண்மையிலேயே வெள்ளையாகவோ சாம்பலாகவோ உள்ள ஒரு பொருளைக் கண்டுபிடிப்பது. மாப்பிள்ளையின் வெள்ளைத் தொப்பி போதும். மென்பொருளிலுள்ள துளிக்குழாய் போன்ற கருவியால் தொப்பியைத் தொடுங்கள். தொப்பி வெள்ளையானதும் முகங்களும் தத்தம் நிறத்துக்குத் திரும்பும். தொப்பியின் மடிப்பு தெரியாத அளவுக்கு வெளிச்சம் விழுந்த இடத்தை மட்டும் தொடாதீர்கள், கணக்குப் பிழைக்கும்.

இரண்டாவது, வெளிச்சம். எக்ஸ்போஷர் என்ற பகுதியைச் சற்றே கூட்டவோ குறைக்கவோ செய்யுங்கள். பிறகு ஹைலைட் என்பதைக் குறைத்தால் வெள்ளை உடையின் வேலைப்பாடு திரும்பி வரும். ஷடோ என்பதைக் கூட்டினால் நிழலிலிருந்த முகம் தெரியும். ஆனால் றோ என்பது மந்திரமல்ல. அளவுக்கு மிஞ்சிய ஒளியால் குழி நிரம்பி வழிந்திருந்தால் அங்கே மீட்பதற்கு ஒன்றும் இல்லை. இருட்டை மிகக் கூட்டினால் மணல் தூவியது போலப் புள்ளிகள் கிளம்பும்.

மூன்றாவது, சிவப்பு. கல்யாணப் பெண்ணின் சிவப்புச் சேலையும் பொற்சரிகையும் பல படங்களில் ஒரே சிவப்புப் பிழம்பாகி, மடிப்பே தெரியாமல் போவதைக் கண்டிருப்பீர்கள். மற்ற நிறங்கள் சரியாக இருக்கச் சிவப்பு மட்டும் நிரம்பி வழிந்ததே காரணம். முழுப் படத்தையும் மங்கச் செய்யாமல், சிவப்பின் செறிவை மட்டும் குறையுங்கள். சேலையின் பூவேலை ஒவ்வொன்றாகத் தெரியும்.

நான்காவது, புள்ளிகளைக் குறைப்பதும் கூர்மையாக்குவதும். இரண்டிலும் அளவு வேண்டும். புள்ளியை அதிகம் துடைத்தால் தோல் மெழுகாகி விடும்.

கடைசியாக, தேவையற்ற ஓரங்களை வெட்டி, படத்தை ஜேபெக் வகையாக வெளியே எடுங்கள். 8 அங்குலம் 12 அங்குலம் அளவில் தெளிவாக அச்சிடுவதற்கு 2400க்கு 3600 புள்ளிகள் இருந்தால் போதும். திருத்தும்போது திரையின் வெளிச்சத்தைச் சற்றுக் குறைத்து வையுங்கள். இரவில் திரையை மஞ்சளாக்கும் வசதி இருந்தால் அதை நிறுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் திரையில் அழகாக இருந்தது அச்சில் இருண்டுவிடும்.

திருத்துவதும் மாற்றுவதும் ஒன்றா?

ஒன்றல்ல. பந்தலின் நீலத்தை முகத்திலிருந்து அகற்றுவது திருத்தம். முகத்தின் நிறத்தையே அகற்றுவது மாற்றம். முதலாவது, கண் கண்டதைக் கமராவிடமிருந்து மீட்பது. இரண்டாவது, கண் காணாத ஒருவரை உருவாக்குவது. இந்த எல்லையின் மீது உலகமே ஒரு முறை விவாதித்தது.

2012 நவம்பரில் காஸா நகரில் குண்டுவீச்சில் இறந்த இரண்டு சின்னஞ்சிறு குழந்தைகளின் உடல்களை உறவினர்கள் கைகளில் ஏந்தி ஒரு குறுகலான ஒழுங்கையில் வருகிறார்கள். சுவீடன் நாட்டுப் படப்பிடிப்பாளர் போல் ஹான்சன் அதைப் படம் பிடித்தார். 2013 இல் அது உலக பத்திரிகைப் புகைப்பட அமைப்பின் அந்த ஆண்டுக்கான சிறந்த படமாகத் தெரிவானது. சில மாதங்களில் ஒரு குற்றச்சாட்டு கிளம்பியது. ஒளி இவ்வளவு அழகாக விழுமா, இது பல படங்களை ஒட்டிச் செய்தது என்று எழுதினார்கள். உலகம் அழுத அந்த ஜனாஸா பொய்யோ என்று பலர் ஐயுற்றார்கள்.

அப்போது சாட்சி சொன்னது எது தெரியுமா? அந்தப் படத்தின் றோ கோப்பு! சுயாதீன நிபுணர்கள் மூலக்கோப்பையும் பரிசு பெற்ற படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஆராய்ந்தார்கள். சில இடங்களின் நிறமும் வெளிச்சமும் கூட்டிக் குறைக்கப்பட்டிருக்கின்றன, ஆனால் எதுவும் ஒட்டப்படவில்லை, எதுவும் அகற்றப்படவில்லை என்று கண்டார்கள். படம் நிலைத்தது. மூலக்கோப்பு இல்லாதிருந்தால் அந்த இரண்டு குழந்தைகளின் மரணத்தையே ஒருவர் 'பொய்' என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்.

இன்று செயற்கை நுண்ணறிவு கொண்டு நடக்காததை நடந்ததாகக் காட்டும் படங்களை நொடியில் உண்டாக்குகிறார்கள். பெண்களின் முகங்களை எடுத்துத் தவறாகப் பயன்படுத்தும் கொடுமையும் நடக்கிறது. இக்காலத்தில் உங்கள் மகளின் படம் எது, இட்டுக்கட்டியது எது என்று பிரித்துக் காட்டுவதற்கு மூலக்கோப்பு கைகொடுக்கும்.

இது ஓர் அமானிதம்

இங்கே இன்னொரு விடயத்தையும் சொல்லியாக வேண்டும். கல்யாண வீட்டின் உள்ளறையில், பெண்கள் மட்டும் இருக்கும் நேரத்தில் எடுத்த படங்கள் யாருடைய கணனியில் இருக்கின்றன என்று என்றாவது விசாரித்தீர்களா? அல்பம் நம் அலுமாரியில் இருக்கிறது. அதன் மூலக்கோப்புகளோ எங்கோ ஒரு கடையில், யார் யாரோ உட்கார்ந்து எழும்பும் ஒரு கணனியில் கிடக்கின்றன. மெமரி காட்டில் அழித்த படத்தைக்கூட, அதன் மேல் வேறொன்று பதியப்படாதிருந்தால் மீட்டெடுக்க மென்பொருள்கள் இருக்கின்றன.

ஆகவே படப்பிடிப்பாளரை அமர்த்தும்போதே மூன்று விடயங்களைப் பேசி எழுதிக்கொள்ளுங்கள். மூலக்கோப்புகளை ஒரு ஹாட் டிஸ்க்கில் எங்களிடம் தரவேண்டும். எங்கள் அனுமதியின்றி ஒரு படத்தையும் முகநூலிலோ கடை முகப்பிலோ போடக்கூடாது. வேலை முடிந்ததும் பெண்களின் படங்களைத் தம் கணனியிலிருந்து அழிக்க வேண்டும்.

படப்பிடிப்பாளர்கள் பலர் மூலக்கோப்பைத் தரத் தயங்குவார்கள். அவர்கள் பக்கத்திலும் நியாயம் உண்டு. சமைக்காத கறியை யாராவது பரிமாறுவார்களா? அரைகுறைப் படம் வெளியே போனால் தம் பெயர் கெடும் என்பது அவர்களின் அச்சம். "எங்கள் வீட்டோடு இருக்கும், உங்கள் பெயரில் எங்கும் போடமாட்டோம்" என்று சொல்லுங்கள். அதற்கு மேலதிகமாக ஒரு தொகை கேட்டால் கொடுங்கள். அது வீண் செலவல்ல.

உள்ளறைப் படங்களை நம் பெண் பிள்ளைகளே எடுத்து, வீட்டு மடிக்கணனியிலேயே திருத்தினால் இன்னும் நல்லது. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டிலிருக்கும் மகள் சில மாதங்கள் ஊக்கமாகப் பழகினால் இதைக் கற்றுக்கொள்வாள். கற்றுக்கொண்டால் மற்ற வீட்டுப் பெண்களும் தங்கள் படங்களை நம்பிக்கையோடு அவளிடம் கொண்டு வருவார்கள். அது அவளுக்கு ஒரு தொழிலாகவும் அமையும்.

தண்ணீரை மறவாதீர்கள்

2004 டிசம்பர் 26 ஆம் திகதியை நம் கரையோரம் மறக்குமா? கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை எங்கும் கடல் ஏறி வந்தது. இலங்கையிலேயே அதிக உயிர்களைப் பறிகொடுத்தது அம்பாறை மாவட்டம்தான். வீடுகளோடு அல்பங்களும் நெகடிவ்களும் போயின. போன உயிர்களின் முகத்தைப் பார்ப்பதற்கு ஒரு துண்டுப் படம்கூட மிஞ்சாத குடும்பங்கள் உண்டு. 2024 நவம்பர் 26 இல் வெள்ளம் பாய்ந்த நம் மாவடிப்பள்ளி வீதியில் மத்ரசா மாணவர்களை ஏற்றி வந்த உழவு இயந்திரம் அடித்துச் செல்லப்பட்ட துயரம் இன்னும் ஆறவில்லை. பிள்ளையை இழந்த ஒரு தாய்க்கு, அந்தப் பிள்ளையின் படம் என்பது என்ன என்று சொல்லித் தெரியவேண்டியதில்லை. அவள் தேடுவது வெள்ளையாக்கிய முகத்தையா? தன் பிள்ளையின் முகத்தையா?

ஆகவே மூலக்கோப்புகளை மூன்று பிரதிகளாக வையுங்கள். ஒன்று கணனியில், ஒன்று தனி ஹாட் டிஸ்க்கில், மூன்றாவது ஊருக்கு வெளியே, தண்ணீர் ஏறாத இடத்தில் உள்ள நம்பிக்கையான உறவினர் வீட்டில். ஹாட் டிஸ்க்கை வாங்கி அலுமாரியில் பூட்டிவிட்டு மறந்துவிடாதீர்கள். வருடத்துக்கு ஒரு முறையேனும் திறந்து பாருங்கள், சில வருடங்களுக்கு ஒரு முறை புதியதற்கு மாற்றுங்கள். நம் உப்புக் காற்றும் ஈரமும் இயந்திரங்களுக்குப் பகை. படங்களை உறவினருக்கு வட்ஸ்அப்பில் அனுப்பும்போது சாதாரணமாக அனுப்பினால் சுருங்கித் தரம் குறையும். ஆவணமாக அனுப்பினால் குறையாது.

இனி அந்த அல்பத்துக்கு வருவோம். இன்றே அந்தப் படப்பிடிப்பாளருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு எடுங்கள். "தம்பி, மூலக்கோப்பு இன்னும் இருக்கிறதா?" என்று பண்பாகக் கேளுங்கள். இருந்தால் வாங்கி வந்து, மாப்பிள்ளையின் தொப்பியைத் தொட்டு, பந்தலின் நீலத்தை மட்டும் எடுத்துவிட்டு, மகளின் மச்சத்தை அதன் இடத்திலேயே இருக்க விட்டு, ஒரே ஒரு படத்தை அச்சிட்டு உம்மம்மாவின் கையில் கொடுங்கள்.

இம்முறை அவர் யாரென்று கேட்கமாட்டார். நாளை உங்கள் பேத்தி அந்தப் படத்தைப் பார்த்து, "என் கன்னத்திலும் இதே மச்சம் இருக்கிறதே" என்று கண்ணாடி முன் ஓடக்கூடும். அந்த மகிழ்ச்சியை அவளுக்கு இல்லாமல் செய்துவிடாதீர்கள்.